பவுண்டரி வேலையை விட்டுவிட்டு நிலக்காட்சி ஒளிப்படத்துக்கு வரலாமா?

கேள்வி: கோவையை அடுத்த அரசூர்ப் பகுதியில் உள்ள ஒரு பவுண்டரியில் (இரும்பு வார்ப்பாலையில்) 18 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், இப்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. வயது 42. ஆறு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் நிலக்காட்சிகளைப் படமெடுத்து வருகிறேன். இரைச்சலும் புழுதியும் போதும் என்ற மனநிலைக்கு வந்துவிட்டேன். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தில் நல்ல கேமராவும் ட்ரோனும் வாங்கி, முழுநேர நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞராகலாமா? மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கிறது. நான் எடுத்த ஐந்து படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே படங்களைப் பார்த்துவிட்டேன். அது என் பழக்கம். முதல் நான்கும் நன்றாகவே எடுக்கப்பட்டவை. வால்பாறைத் தேயிலைச் சரிவு, மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து தெரியும் ஆழியாறு அணை, அமராவதி நீர்த்தேக்கத்தில் மாலை வெயில், உடுமலைக் காற்றாலைகளுக்குப் பின்னால் இறங்கும் சூரியன். குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இந்த நான்கு இடங்களிலும் முக்காலியை ஊன்றிய தடம் மண்ணில் பதிந்து கிடக்கும் அளவுக்கு ஆட்கள் வந்து போகிறார்கள். ஐந்தாவது படத்தை, 'தற்செயலாக எடுத்தது, பொருட்படுத்த வேண்டாம்' என்ற குறிப்போடு அனுப்பியிருக்கிறீர்கள். தொழிற்சாலையின் பின்சுவருக்கு அப்பால் கொட்டிக் கிடக்கும், வார்ப்பு அச்சுக்குப் பயன்பட்டுக் கழிந்த மணல் மேடு, அதன் ஓரத்தில் ஒற்றைப் பனை, அப்பால் கிளுவை வேலி. இந்தப் பதில் முழுவதும் அந்த ஐந்தாவது படத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நானும் கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் மெஷின் ஷாப்பில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன் என்பதால், தங்கள் களைப்பு எத்தகையது என்று எனக்குத் தெரியும். மூன்று ஷிப்ட்டின் ரிஜெக்ஷனுக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டிய நாட்களில், வெள்ளியங்கிரி மலையின் மேல் நிற்கும் மேகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றும். ஆகவே முதலில் ஒன்றைத் தாங்களே பிரித்துப் பார்க்க வேண்டும். தங்களுக்கு வேண்டாதது பவுண்டரித் தொழிலா, அல்லது இப்போது பணிபுரியும் அந்த ஒரு பவுண்டரியா? இரண்டாவதுதான் என்றால் அதற்கு மருந்து வேறு வேலை. அதை நிலக்காட்சியின் தலையில் சுமத்தினால் இரண்டே ஆண்டுகளில் அதன் மேலும் சலிப்பு வந்துவிடும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, வானம் வெளிறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதுதான் இந்தத் தொழிலின் பெரும்பாலான நாட்கள்.

இனி வருமானத்துக்கு வருகிறேன், ஏனெனில் கடிதத்தில் அது எங்குமே இல்லை. நிலக்காட்சி ஒளிப்படத்துக்கென்று மாதாமாதம் பணம் தரும் வாடிக்கையாளர் நம் ஊரில் கிடையாது. கல்யாணப் படத்துக்கு முகூர்த்த தேதி இருக்கிறது, அதற்குள் ஆள் வேண்டும், ஆகவே முன்பணம் வருகிறது. மலைக்கும் மேகத்துக்கும் முகூர்த்தம் இல்லை. வாங்குகிறவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், சுவரை நிரப்ப வேண்டிய மருத்துவமனைகள், ஆனைகட்டி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்ட விடுதிகள், உள் அலங்காரம் செய்யும் கட்டடக் கலைஞர்கள், ஆண்டு இறுதியில் காலண்டரும் டைரியும் அடிக்கும் நிறுவனங்கள், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுக்க விரும்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் என்ற அளவில் பட்டியல் முடிந்துவிடும். இவர்களுள் பலரும் ஒருமுறை வாங்கினால் அடுத்த ஐந்தாண்டுக்குத் திரும்ப வரமாட்டார்கள். சுவர் நிறைந்துவிட்டதே! இணையத்தில் படங்களை ஏற்றி விற்கும் வழியில் கிடைப்பது பெட்ரோல் செலவுக்குக் காணாது. என் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் நிலக்காட்சி தந்த பங்கு எந்த ஆண்டிலும் பத்தில் ஒன்றைத் தாண்டியதில்லை. மீதி ஒன்பது பங்கு எங்கிருந்து வருகிறது என்றால், தாங்கள் விட்டு ஓட நினைக்கும் அதே தொழிற்சாலைகளிலிருந்துதான்.

இது எனக்கு மட்டும் வாய்த்த விதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் யோசமிட்டி மலைகளைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், நெடுங்காலம் நிறுவனங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படமெடுத்துத்தான் குடும்பம் நடத்தினார். பிரேசில் நாட்டவரான செபஸ்தியாவ் சல்காடோவின் கதை தங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பொருளாதாரம் படித்து, சர்வதேசக் காபி அமைப்பில் வேலை பார்த்தவர், 1973ஆம் ஆண்டில் அதை விட்டுவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தார். வந்தவர் தாம் படித்த பொருளாதாரத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. சுரங்கங்களிலும் எஃகு ஆலைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் உடலுழைப்பவர்களைத் தேடித் தேடிப் படமெடுத்தார். காடுகளும் மலைகளும் பனிப்பாறைகளும் நிறைந்த அவருடைய மாபெரும் இயற்கைப் படங்கள் அதற்கெல்லாம் பிறகு, அறுபது வயதை ஒட்டித் தொடங்கியவை.

தங்களுக்கும் அத்தகைய கைமுதல் ஒன்று இருக்கிறது. 1,400 டிகிரிக்கு உருக்கிய இரும்பை லேடிலிலிருந்து அச்சில் ஊற்றும்போது எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது, ஈரம் பட்டால் என்ன ஆகும், எந்தக் கணத்தில் பொறி பறக்கும் என்பதெல்லாம் தங்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். நகரத்து ஸ்டுடியோவிலிருந்து வருகிற ஒளிப்படக்காரர் அங்கே முதல் மணி நேரத்தைப் பயத்திலும், இரண்டாவது மணி நேரத்தைச் சூப்பர்வைசருக்கு இடைஞ்சலாக இருப்பதிலும் கழித்துவிடுவார். உருகிய உலோகத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவில் ஒளி அளவு வைத்தால் ஆட்கள் கறுத்துப் போவார்கள், ஆட்களுக்கு அளவு வைத்தால் உலோகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைச் சொல்லக்கூடிய தங்களைப் போன்றவர், எந்த நொடியில் அழுத்தினால் இரண்டும் நிற்கும் என்பதை எளிதில் பிடித்துவிடுவார். கோவையின் பம்பு, மோட்டார், ஜவுளி எந்திர நிறுவனங்களுக்கெல்லாம் கேட்லாக், இணையதளம், கண்காட்சி அரங்கு எனப் படங்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே என் ஆலோசனை, தொழிற்சாலையின் வாசலை விட்டு விலகாமல், அதே வாசலுக்குள் வேறொரு பையுடன் நுழையுங்கள் என்பதுதான். மாதத்தில் எட்டு நாள் அந்த வேலை கிடைத்தால், மீதி நாட்களில் எந்த மலையை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதை விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி இருக்காது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை வைக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே, ஓராண்டு முழுவதும் ஒரே நிலத்தை எடுங்கள். மூணாறு, லடாக் என்று அலைய வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிற, யாரும் 'வியூ பாயின்ட்' என்று பலகை வைக்காத ஓர் இடம்.

எனக்கு அப்படி அமைந்தது காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் ஒரு கொரங்காடு. கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாகக் காங்கேயம் மாடுகளுக்கென்றே காலங்காலமாக வைத்திருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பெயர் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மார்கழி விடியலில் வேலிக்கு வெளியே முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, நிலத்துக்காரப் பெரியவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, "ஏனுங்க தம்பி, இங்க என்னத்தைங்க படம் புடிக்கறீங்க? வெறுங்காடுதானுங்களே" என்றார். பனி புல்லின் மேல் படிந்திருப்பதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பனிய எடுத்து என்னங்க பண்றது? வேலிக்குக் கெழவரம் போயி நில்லுங்க. படலைத் தொறந்துட்டா மாடு எல்லாம் ஒண்ணா எறங்கும், அப்பப் பாருங்க புழுதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் கிழக்கே போகவில்லை. அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த ஓராண்டுக்குள் 27 முறை போனேன். வைகாசியில் புல் காய்ந்து நிலம் செம்மண்ணாகத் தெரிந்தது, ஐப்பசி மழைக்குப் பிறகு அதே நிலம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. இன்றுவரை என்னிடமிருந்து சுவருக்கு விலைபோன படங்களில் பாதி அந்த ஒரே வேலிக்கு உள்ளும் புறமும் எடுத்தவை.

கொங்கு நாட்டின் ஒளிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதை ஓராண்டு நின்று பார்க்காமல் கற்றுக்கொள்ள முடியாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வரும்போது மழை மேற்கே மலையோடு நின்றுவிடுகிறது, சமவெளியில் தூறலும் புழுதியுமே மிச்சம். ஆனால் அந்த நாட்களின் காலை ஏழு மணிக்குக் கிழக்கு வானம் திறந்திருந்தால், தாழ்ந்த வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தென்னையையும் காற்றாலையையும் ஏற்றிக் காட்ட, அவற்றுக்குப் பின்னால் ஆனைமலையின் மேல் மேகம் கரும்பலகை போல நிற்கும். எல்லோரும் சூரியனை நோக்கியே கேமராவைத் திருப்புவதால் இந்தக் காட்சி பெரும்பாலும் யாருக்கும் கிடைப்பதில்லை. காற்றாலையை எடுப்பதற்கு, எந்திரம் தெரிந்தவர் என்பதால், இப்படிச் சொல்கிறேன்: நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் காற்றாலையின் இறக்கை ஒரு நொடியில் 90 பாகை நகர்கிறது, ஷட்டர் திறந்திருக்கும் 1/30 நொடியில் மூன்று பாகை. இறக்கை 40 மீட்டர் நீளம் என்றால் அந்த மூன்று பாகைக்குள் அதன் நுனி இரண்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். தாங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் இறக்கை நுனிகள் மட்டும் ஏன் மசங்கியிருக்கின்றன என்பதற்கு விடை அதுதான். லென்ஸின் மேல் பழி போட வேண்டாம். ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு ஈரோட்டுப் பக்கம் நிறமே மாறும். தை, மாசியில் மஞ்சள் வெட்டும் வயல்கள் இருக்கும். பங்குனி, சித்திரையில் வானம் வெளுத்துவிடும், அப்போது வீட்டில் உட்கார்ந்து பழைய படங்களில் வேண்டாதவற்றைக் கழிப்பது உத்தமம்.

அழகான இடங்கள்தாம் நிலக்காட்சி என்ற எண்ணத்தையும் இந்த ஓராண்டில் கழற்றி வைத்துவிடலாம். நொய்யலின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில், 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டப்பட்டு, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறி, உழவர்கள் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. அதே திருப்பூரில், நஞ்சராயன் குளம் 2024ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டும் ஒரே மாவட்டச் சுற்றுவட்டாரத்தின் நிலக்காட்சிகள். தொழிலும் நிலமும் ஒன்றையொன்று தின்றும் வளர்த்தும் கிடக்கிற இந்த நாட்டை, இரண்டையும் அறிந்த ஒருவர் இன்னும் முழுமையாகப் படமெடுத்துவிடவில்லை என்பது என் கருத்து.

கருவிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது இருக்கும் 24 மெகாபிக்சல் கேமராவே போதும். அதன் படம் 6,000க்கு 4,000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும், சுவரில் தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு அதில் பாதி அடர்த்தியே போதுமானது. பணம் செலவழிக்க வேண்டுமென்றால் காற்றுக்கு அசையாத கனமான முக்காலியிலும் நல்ல தாளில் அச்சிடுவதிலும் செலவழியுங்கள். கணினித் திரையில் பார்த்து மட்டும் தம் படத்தை மதிப்பிடுகிறவர், வார்ப்பைத் தட்டிப் பார்க்காமலே பாஸ் போடும் இன்ஸ்பெக்டருக்குச் சமம்.

ட்ரோனை இப்போதைக்கு மறந்துவிடலாம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்துத் தொழில் செய்வதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டில் தயாரான ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. இவற்றோடு, தங்கள் அரசூரின் ஒரு பக்கம் கோவை விமான நிலையமும் இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டால், படத்துக்கு முன்பாகப் போலீஸ் வந்துவிடும். அதுபோலவே புலிகள் காப்பகத்துக்குள் தொழில்முறையில் படமெடுக்க, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி தேவை. சாலையோரம் காரை நிறுத்தி எடுத்த படத்தைப் பிறகு காலண்டருக்கு விற்பது சங்கடத்தில் கொண்டுபோய் விடும்.

பி.எஃப். பணத்தைத் தொடவே கூடாது என்பதை இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்லும் ஒரே கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் பணி முடித்திருப்பதால் ஓய்வூதியப் பங்குக்கு, பணிக்கால உரிமையைக் காத்து வைக்கும் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால் 58 வயதில் ஓய்வூதியம் வரும். குறைந்த தொகை போதுமென்றால் 50 வயதிலிருந்தே பெறலாம். கிராஜுவிட்டி தனி. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்கினால் தொகை வரும். அந்தக் கூட்டுத்தொகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 4,15,000 ரூபாய். தொழில் தொடங்கக் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய பணம் இதுதான். இதற்குள் அடங்காத தொழிலைத் தொடங்க வேண்டாம். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு வேலையை விடும் நாளோடு முடிந்துவிடும் என்பதால், விடுவதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கக்கூடும், அது எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. வீட்டுக் கடன் ஏழு ஆண்டு என்கிறீர்கள். மகளின் பன்னிரண்டாம் வகுப்பு அதற்குள் வந்துவிடும். இவற்றையெல்லாம் மனைவியுடன் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தீர்களா என்பது கடிதத்திலிருந்து தெரியவில்லை. அவர் சம்பளத்தில் ஓராண்டு குடும்பம் ஓடுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், தாங்களோ நானோ சொல்ல முடியாது.

உரிமையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தினர் காலண்டருக்குப் பருவமழைக் காட்சிகள் வேண்டும் என்று கேட்டு, முன்பணம் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு ஏழு ஆண்டுகள் அதே படங்கள் அவர்களுடைய கேட்லாக்கிலும் பேருந்து நிழற்குடை விளம்பரத்திலும் வந்துகொண்டே இருந்தன; கேட்டபோது, காசு கொடுத்து எடுக்கச் சொன்னது நாங்கள்தானே என்றார்கள். வக்கீலிடம் போன பிறகுதான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி வாங்கிக்கொண்டு எடுக்கும் ஒளிப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவரே. தாமாக எடுத்த படத்துக்கு உரிமை எடுத்தவருடையது. அதை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். தொழிற்சாலைப் படங்களுக்கும் நிலக்காட்சிக்கும் வெவ்வேறு ஒப்பந்தத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உரிமையை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை, இரண்டாவதில் ஒருபோதும் விட வேண்டாம்.

எப்போது வேலையை விடலாம் என்பதற்கு என் அளவுகோல் இது: இப்போதைய நிறுவனத்தைத் தவிர்த்து, வேறு மூன்று நிறுவனங்கள் தங்களுக்குப் பணம் கொடுத்து ஒருமுறையாவது படமெடுக்கச் சொல்லி, அவற்றில் ஒன்றாவது இரண்டாம் முறையும் கூப்பிட்டிருக்க வேண்டும், அதோடு அந்த ஓராண்டு நிலத்திலிருந்து, வரிசையாகச் சுவரில் மாட்டக்கூடிய 12 படங்கள் அச்சில் இருக்க வேண்டும். தற்போதைய வேலையின் பணி ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடந்த பிறகும் விட மனமில்லை என்றால் விட வேண்டாம். அரசூரில் வேலை பார்த்துக்கொண்டே நல்ல படம் எடுப்பதற்கு யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை.

மீண்டும் ஐந்தாவது படம். தொடுவான் கோடு பனையின் கொண்டையைச் சரியாக வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டடி கீழே குனிந்திருந்தால் கொண்டை வானத்தில் தனியே நின்றிருக்கும். மாலை நேரம் என்பதால் மேற்கு வானம் முழுதும் வெளிறி, மணல் மேடு கறுப்பாக அமுங்கிவிட்டது. நிலக்கரித் தூள் கலந்த அந்த மணலில் கறுப்பிலேயே ஐந்தாறு கறுப்பு உண்டு. தாங்கள் தினமும் கையில் அள்ளிப் பார்ப்பது. இரவு மழை பெய்த மறுநாள், காலை ஷிப்ட் தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகப் போய், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கிளுவை வேலியை முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். எடுத்ததை அச்சிட்டு அனுப்புங்கள், திரையில் வேண்டாம்.